அட்வான்ஸ் நம் பணம் இல்லை: புதிதாகக் காண்ட்ராக்ட் எடுப்பவர்களுக்குக் கணக்கு வழிகாட்டி

சனிக்கிழமை மதியம் மூன்று மணிக்கு மேல் ஒரு காண்ட்ராக்டரைப் பார்த்தால் அவருடைய கணக்கு எப்படி ஓடுகிறது என்று தெரிந்துவிடும். ஐந்து மணிக்கு வாரச் சம்பளம் போட வேண்டும். கொத்தனார், சித்தாள், கம்பி கட்டுகிறவர், கான்கிரீட்டுக்குத் தகடும் முட்டும் அடிக்கும் சென்ட்ரிங் ஆட்கள் எல்லாரும் கை கால் கழுவிவிட்டு நிற்பார்கள். மறுநாள் அவர்கள் சந்தைக்குப் போவது அந்தப் பணத்தில்தான். அந்த நேரத்தில் வீட்டுக்காரருக்குப் போன் போட்டு, "ஒரு அம்பதாயிரம் மட்டும் இப்ப அனுப்பிடுங்க" என்று கேட்டுக்கொண்டிருப்பவர் பெரும்பாலும் நல்ல வேலைக்காரராகத்தான் இருப்பார். சுவர் நூல் பிடித்த மாதிரி நிற்கும். பணம் எங்கே போகிறது என்பது மட்டும் அவருக்குத் தெரியாது.

நானும் அப்படி நின்றிருக்கிறேன். 2007-ல் பெருந்துறைப் பக்கம் ஒரு வீடு, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி ஷெட், இரண்டையும் ஒன்றாக எடுத்திருந்தேன். ஷெட்டுக்காரருக்கு ஏற்றுமதிப் பணம் வரவில்லை என்று என் பில் இரண்டு மாதம் தள்ளிப்போனது. அங்கே வேலை நிற்கக் கூடாதென்று, வீட்டுக்காரர் கான்கிரீட்டுக்காகக் கொடுத்திருந்த நான்கு லட்சத்தை எடுத்து ஷெட்டுக்குக் கம்பி இறக்கினேன். பத்து நாளில் வீட்டுக்குச் சென்ட்ரிங் அடித்து, கம்பி கட்டி, எல்லாம் தயாராக நின்றது. சிமெண்ட் வாங்கக் காசில்லை. மனைவியின் நகை வங்கிக்குப் போனது. இரண்டு வேலையும் நல்லபடியாகத்தான் முடிந்தன, ஆனால் அந்த நகையைத் திருப்ப மூன்று வருஷம் ஆனது.

சிவில் படித்துவிட்டோ, பத்து வருஷம் மேஸ்திரியாக இருந்துவிட்டோ, சொந்தமாக வேலை எடுக்கலாம் என்று இறங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் பக்கத்து நிலவரத்தை வைத்துச் சொல்கிறேன். கீழே வரும் எல்லாவற்றுக்கும் வேர் ஒன்றுதான்: ஒரு சைட்டுக்கு வந்த பணம் அந்தச் சைட்டுடையது. வேலை முடிந்து, கணக்குப் பார்த்து, மிச்சம் இவ்வளவு என்று எழுதி எடுக்கும் வரைக்கும் அதில் நமக்குப் பாத்தியதை இல்லை.

முதல் வாரத்திலேயே செய்ய வேண்டியது

தொழில் பெயரில் ஒரு கரண்ட் அக்கவுண்ட் திறந்துகொள்ளுங்கள். வீட்டுச் செலவு, பள்ளிக்கூட பீஸ், மொய், சீர் எல்லாம் உங்கள் சேவிங்ஸ் கணக்கிலிருந்து போகட்டும். தொழில் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு மாதம் ஒருமுறை மட்டும் பணம் நகர வேண்டும். அது உங்கள் சம்பளம். உங்கள் இடத்தில் ஒரு சைட் இன்ஜினியரை வைத்தால் என்ன கொடுப்பீர்களோ, அதையே உங்களுக்கும் எழுதிக்கொள்ளுங்கள். "லாபம் வரட்டும், அப்புறம் எடுத்துக்கலாம்" என்று இருப்பவர்கள்தான் ஐந்தும் பத்துமாக எடுத்துக்கொண்டே போய், வருஷக் கடைசியில் எவ்வளவு எடுத்தோம் என்று தெரியாமல் விழிப்பார்கள்.

அப்புறம் சைட் நோட்டு. ஒரு சைட்டுக்கு ஒரு நீள நோட்டு. இடது பக்கம் வரவு. வலது பக்கம் செலவு, ஐந்து கட்டம் போட்டு: பொருள், கூலி, தச்சர் பிளம்பர் எலக்ட்ரீசியன் மாதிரி துணைக் காண்ட்ராக்ட், மிஷின் வாடகை, இதர செலவு. டீக்காசு, டீசல், ஆட்டோ வாடகை எல்லாம் இதரத்தில் வந்தாக வேண்டும். தினமும் சாயந்திரம் பத்து நிமிஷம் போதும். டேலி வேண்டுமானால் பிறகு வாங்கிக்கொள்ளலாம். நோட்டு எழுதும் பழக்கம் இல்லாதவரை எந்த சாஃப்ட்வேரும் காப்பாற்றாது. இரண்டு சைட்டுக்கும் சேர்த்து ஒரே லோடாகப் பொருள் வந்தால், வண்டி நிற்கும்போதே எந்தச் சைட்டுக்கு எவ்வளவு என்று பில்லின் பின்னால் எழுதி, போட்டோ எடுத்துவிடுங்கள். ராத்திரி நினைவிலிருந்து பிரித்தால் கட்டாயம் தப்பு வரும்.

இரண்டு சைட்டுக்கு மேல் போய்விட்டால் ஒவ்வொரு சைட்டுக்கும் தனி வங்கிக் கணக்கே வைக்கலாம். நான் அப்படித்தான் வைத்திருக்கிறேன். செக் புத்தகத்தின் அட்டையில் ஊர்ப் பெயரை எழுதி வைத்திருப்பேன். வேறு சைட்டுக்குப் பணம் எடுக்கப் போனால் அந்தப் பெயர் கண்ணில் படும்.

சும்மா இருந்தாலும் ஆகும் செலவு

சைட்டில் ஒரு செங்கல்கூட வைக்காத மாதத்திலும் செலவு ஓடும். ஆபீஸ் வாடகை, போன், வண்டிக் கடன், பெட்ரோல், ஆடிட்டர், கணக்கு எழுதும் பெண்ணின் சம்பளம், உங்கள் சம்பளம், மிக்சருக்கும் வைப்ரேட்டருக்கும் தேய்மானம். இதை ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். மாதம் 90,000 ரூபாய் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 10,80,000. வருஷத்துக்கு 1.2 கோடிக்கு வேலை செய்கிறீர்கள் என்றால், வாங்கும் ஒவ்வொரு நூறு ரூபாயிலும் ஒன்பது ரூபாய் இதற்கே போய்விடுகிறது. 60 லட்சத்துக்குத்தான் வேலை கிடைத்தது என்றால் பதினெட்டு. இந்த எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் சதுர அடி ரேட் சொல்லாதீர்கள். "மாப்ளை, அவினாசியில எல்லாம் இந்த ரேட்டுக்குப் பண்றாங்க" என்று யாராவது சொன்னால், அது அவர்களுடைய ஒன்பது ரூபாயை வைத்துச் சொன்ன ரேட்.

ரேட் போடுவது

புதிதாக வருகிறவர்கள் அதிகமாக அடிபடும் இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

1,300 சதுர அடி வீடு. பொருள், கூலி, துணைக் காண்ட்ராக்ட், மிஷின் எல்லாம் சேர்த்து சைட் செலவு 25 லட்சம் என்று எஸ்டிமேட் வருகிறது. மேலே பார்த்த ஆபீஸ் செலவுக்கு 9 சதவீதம், லாபம் 10 சதவீதம், ஆக 19. எல்லாரும் செய்வது என்ன? 25 லட்சத்தோடு அதன் 19 சதவீதத்தைக் கூட்டி 29,75,000 என்று சொல்லிவிடுகிறோம். ஆபீஸ் செலவு 9 சதவீதம் என்று கண்டது வாங்கும் தொகையில். இங்கே நாம் கூட்டியது செலவின் மேல். சரியான வழி, 100-லிருந்து 19-ஐக் கழித்து, 25 லட்சத்தை 0.81-ஆல் வகுப்பது. 30,86,000 வரும். சதுர அடிக்கு ஏறக்குறைய 2,375. இரண்டு கணக்குக்கும் நடுவே 1,11,000 ரூபாய். ஒரே வீட்டில், ஒரு செங்கல் வீணாகாமல், கைத்தப்பு எதுவும் இல்லாமல் காணாமல் போகிற பணம்.

பேரம் பேசுவார்கள். நம் ஊரில் பேசாமல் யாரும் வீடு கட்டுவதில்லை. "நம்ம ஊருப் பையன், ஒரு லட்சம் பாத்துக் குறைச்சுக்குங்க" என்று பெரியவர் ஒருவர் சொன்னால் மறுக்கத் தோன்றாது. அந்த வீட்டில் உங்கள் லாபம் 3,08,000. ஒரு லட்சம் குறைத்தால் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு போகிறது. குறைக்கத்தான் வேண்டுமென்றால் வேலையையும் சேர்த்துக் குறையுங்கள்: டைல்ஸ் விலை வரம்பைக் குறைக்கலாம், காம்பவுண்ட் சுவரை அவர்கள் பொறுப்பில் விடலாம், எலிவேஷன் வேலையைத் தள்ளிவைக்கலாம்.

எஸ்டிமேட்டுக்குக் கைக்கணக்கு உதவும். சாதாரண வீட்டுக்குச் சதுர அடிக்குச் சிமெண்ட் 0.4 மூட்டை, கம்பி நான்கு கிலோ வரை பிடிக்கும். 1,300 சதுர அடிக்கு 520 மூட்டை, ஐந்து டன்னுக்குக் கொஞ்சம் மேலே. இதை வைத்து விலை ஏற்றத்தின் வலியைக் கணக்கிடலாம். கம்பி கிலோவுக்கு 5 ரூபாய் ஏறினால் 26,000. சிமெண்ட் மூட்டைக்கு 20 ரூபாய் ஏறினால் 10,400. அதனால் கொட்டேஷனில் "இந்த விலை பதினைந்து நாளுக்கு" என்று எழுதுங்கள். ஒப்பந்தத்தில் அன்றைய கம்பி, சிமெண்ட் விலையைக் குறித்து, இத்தனை சதவீதத்துக்கு மேல் ஏறினால் வித்தியாசம் வீட்டுக்காரருடையது, இறங்கினாலும் அவருக்கே என்று எழுதிவிடுங்கள். இரண்டு பக்கமும் நியாயமாக இருந்தால் யாரும் மறுப்பதில்லை.

ஆனால் கைக்கணக்கு நிலத்துக்கு அடியில் செல்லாது. நம் பக்கம் ஒரே ஊரில் ஒரு காட்டில், அதாவது நிலத்தில், இரண்டடியில் சுக்கான்பாறை இருக்கும், பக்கத்துக் காட்டில் ஆறடி தோண்டியும் கரிசல் மண் முடியாது. பாறை என்றால் உடைக்கச் செலவு. கரிசல் என்றால் மழைக்கு வீங்கி, வெயிலுக்குச் சுருங்கும்; ஆழமும் கம்பியும் கூடும். ரேட் சொல்வதற்கு முன்னால் மனையில் இரண்டு இடத்தில் குழி போட்டுப் பாருங்கள். ஒரு ஜேசிபி மணிக்கணக்கு வாடகைதான் ஆகும். அப்போதும் அஸ்திவாரம் இத்தனை அடி ஆழம் வரை ரேட்டுக்குள், அதற்குமேல் அளந்து தனி என்று எழுதுவதுதான் பாதுகாப்பு. தண்ணீரும் அப்படியே. ஆயிரம் அடிக்கு மேல் போர் போட்டும் புழுதி பறக்கிற ஊர்கள் கோவை, திருப்பூர் மாவட்டங்களில் உண்டு. திருச்செங்கோட்டு போர் வண்டிக்கு யார் பணம் கொடுப்பது, தண்ணீர் வராவிட்டால் லாரித் தண்ணீர் யார் செலவு என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

இன்னொரு யோசனை. முதல் ஒன்றிரண்டு வீட்டை லேபர் காண்ட்ராக்டாக எடுங்கள். பொருளை வீட்டுக்காரர் வாங்கித் தருவார், நீங்கள் கூலி மட்டும். லாபம் கம்மிதான். ஆனால் முதலீடு கொஞ்சமாகப் போதும், விலை ஏற்றம் உங்கள் தலையில் விழாது, எந்தக் கட்டத்துக்கு எத்தனை ஆள் நாள் பிடிக்கிறது என்று உங்கள் கையெழுத்திலேயே ஒரு கணக்குச் சேரும். பிறகு பொருளோடு எடுக்கும்போது அந்தக் கணக்குதான் உங்களைத் தாங்கும்.

ஒப்பந்தமும் தவணையும்

"நமக்குள்ள என்னங்க எழுத்து?" என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். சொந்தக்காரர் வீடு என்றால் இன்னும் கவனமாக எழுதுங்கள். உறவும் சேர்ந்து கெடும். முத்திரைத்தாளில் ஒப்பந்தம், அதோடு கையெழுத்துப் போட்ட பிளான். சதுர அடி என்றால் எதை அளப்பது என்பது முதல் வரியில் வர வேண்டும். போர்டிகோ முழு அளவா பாதியா, மொட்டைமாடியில் படிக்கு மேல் வரும் தலைக்கட்டு சேருமா, தண்ணீர்த் தொட்டி, செப்டிக் டேங்க், காம்பவுண்ட், கேட் எல்லாம் உள்ளேயா வெளியேயா? சிமெண்ட், கம்பி, ஒயர், பைப் எல்லாவற்றுக்கும் பிராண்ட் பெயர். டைல்ஸ் சதுர அடிக்கு எவ்வளவு விலை வரை, கரண்ட் பாயின்ட் எத்தனை, கதவு எந்த மரம். இவ்வளவும் எழுதினால் நான்கு பக்கம் வரும். வரட்டும்.

பிளான் அனுமதிக்கு அலைவது யார், கட்டணம் யார் கட்டுவது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2024 ஜூலையிலிருந்து 2,500 சதுர அடி வரை மனையில் 3,500 சதுர அடி வரை தரைத்தளமோ அதற்குமேல் ஒரு மாடியோ கட்டுகிற வீட்டுக்குச் சுயசான்று முறையில் இணையத்திலேயே அனுமதி கிடைக்கிறது. சின்ன வீட்டுக்கு இது பெரிய உதவி. அனுமதி இல்லாமல் வேலை தொடங்கினால் வங்கிக் கடன் நிற்கும், வங்கிக் கடன் நின்றால் உங்கள் தவணை நிற்கும்.

தவணைக்கு வருவோம். நான் எழுதுவது இப்படி: அட்வான்ஸ் 10 சதவீதம், அஸ்திவாரம் தொடங்கும்போது 15, சுவர் தொடங்கும்போது 15, ரூஃப் சென்ட்ரிங் தொடங்கும்போது 20, பூச்சுக்கு 15, டைல்ஸ் தொடங்கும்போது 15, பெயிண்டுக்கு 7, சாவி கொடுக்கும்போது 3. கவனித்தீர்களா, எல்லாமே "தொடங்கும்போது". முடிந்த பிறகு என்று எழுதினால் அந்தக் கட்டத்து வேலை முழுக்க உங்கள் பணத்தில் நடக்கிறது. நீங்கள் வீட்டுக்காரருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்த மாதிரி.

கடைசித் தவணையைச் சின்னதாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. கிரகப்பிரவேசத்துக்குள் வீட்டுக்காரர் கையும் காய்ந்துவிடும். பந்தல், சாப்பாடு, சோபா, பீரோ, கர்ட்டன் என்று போயிருக்கும். பால் காய்ச்சிக் குடியேறியபின் அவருக்கு அவசரம் இல்லை. அப்போது உங்களுக்கு வர வேண்டியது மூன்று லட்சமாக இருந்தால், ஆறு மாதம் அவர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்க வேண்டிவரும். 3 சதவீதம் என்றால் உங்கள் 30,86,000-ல் 92,000 மட்டும்.

வீட்டுக்காரர் வங்கிக் கடனில் கட்டுகிறார் என்றால் அந்த அனுமதிக் கடிதத்தைக் கேட்டு வாங்கிப் படியுங்கள். வங்கி இன்ஜினியர் வந்து பார்த்து, கட்டி முடித்த அளவுக்குத்தான் பணத்தை விடுவார்கள். உங்கள் தவணை "தொடங்கும்போது", வங்கியின் தவணை "முடிந்தபின்" என்று இருந்தால், நடுவில் இருக்கும் இடைவெளியை வீட்டுக்காரர் தன் கைப்பணத்தால் எந்தத் தேதிக்கு நிரப்புவார் என்பதை அன்றைக்கே பேசி எழுதுங்கள். இதைக் கேட்கக் கூச்சப்பட்டுத்தான் பல பேர் ரூஃப் கான்கிரீட்டுக்கு முந்தின நாள் கடன் தேடி ஓடுகிறார்கள்.

"இதுவும் நீங்க போடறதுதானுங்களே?"

வேலை பாதியில் ஒரு நாள் வீட்டு அம்மா வந்து நிற்பார். "ஏனுங்க தம்பி, சமையல்கட்டுக்கு வெளிய ஒரு திண்ணை, பாத்திரம் கழுவ ஒரு தொட்டி, அவ்வளவுதானுங்க." அன்பாகக் கேட்பார், டீயும் கொடுத்திருப்பார். நாம் தலையாட்டிவிடுவோம். இப்படி ஐந்தாறு சேர்ந்தால் 80,000 ரூபாய். கடைசியில் பில்லில் எழுதினால் "நீங்க சொல்லவே இல்லையே" என்பார்கள். அவர்கள் சொல்வதும் நியாயம்தான். நாம் சொல்லவில்லை.

கேட்ட அன்றைக்கே அளந்து, தொகை போட்டு, வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள்: "சமையலறை வெளித் திண்ணை, தொட்டி, 14,500 ரூபாய். சரி என்று பதில் போட்டால் திங்கட்கிழமை தொடங்குகிறோம்." பதில் வரும்வரை கொத்தனாரை அங்கே அனுப்பக் கூடாது. எக்ஸ்ட்ரா வேலைப் பணத்தை அடுத்த தவணையோடு சேர்த்து வாங்கிவிடுங்கள், கடைசி வரை தூக்கிக்கொண்டு போகாதீர்கள். சில வேலையை இலவசமாகச் செய்துகொடுக்க மனம் வரும். செய்யுங்கள், ஆனால் அதற்கும் ஒரு தாளில் தொகை எழுதி, "இதற்குப் பணம் வேண்டாம்" என்று குறித்துக் கொடுங்கள்.

இறங்குகிற பொருளை அளப்பது

எம்-சாண்டு (கல்லை அரைத்த மணல்) லோடு வந்தால் லாரித் தொட்டியின் நீளம், அகலம், உயரம் டேப் பிடித்து அளந்துவிட்டுத்தான் கொட்டச் சொல்ல வேண்டும். ஒரு யூனிட் என்றால் 100 கன அடி. மூன்று யூனிட் என்று பில் போட்டு 270 கன அடி இறக்கினால் பத்தில் ஒரு பங்கு போச்சு. கம்பிக்கு ஒரு சூத்திரம் மனதில் இருக்கட்டும்: மில்லிமீட்டரில் கம்பியின் விட்டத்தை அதனாலேயே பெருக்கி 162-ஆல் வகுத்தால் ஒரு மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 எம்எம் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளக் கம்பி ஒன்று பத்தரைக் கிலோவுக்குச் சற்று மேல். கம்பிகளை எண்ணி இந்தக் கணக்கோடு எடைச் சீட்டை ஒப்பிட்டால் ஐந்து நிமிஷத்தில் உண்மை தெரியும். சிமெண்டை எண்ணி இறக்கி, முதலில் வந்தது முதலில் போகும்படி அடுக்குங்கள்.

வாரப் பணக் கணக்கு

லாபத்தில் ஓடுகிற தொழிலும் கையில் பணம் இல்லாமல் படுத்துவிடும். இதற்கு நான் செய்வது: ஒரு பெரிய தாளில் பதின்மூன்று வாரத்துக்குக் கட்டம். ஒவ்வொரு வாரமும் எந்தச் சைட்டிலிருந்து என்ன தவணை வரும், சம்பளம் எவ்வளவு, கடைக்கு எவ்வளவு, மிஷின், வரி. ஞாயிற்றுக்கிழமை காலையில் அரைமணி நேரம். மூன்றாவது வாரம் பணம் பற்றாது என்பது இன்றைக்கே தெரிந்தால் செய்ய நிறைய வழி இருக்கிறது. அன்றைய தினம் தெரிந்தால் வட்டிக்கடைதான்.

கட்டம் போடும்போது நம் ஊர் நாட்காட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆடியிலும் மார்கழியிலும் புது வேலைக்குப் பூஜை போட மாட்டார்கள், வாசக்கால் வைக்க மாட்டார்கள். உங்கள் அட்வான்ஸும் தவணையும் ஆவணிக்கும் தைக்கும் தள்ளிப்போகும். ஆனி, ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றும் சாரலும் கோவைக்கு மேற்கே வெளிப்பூச்சை நிறுத்தும். ஐப்பசி, கார்த்திகையில் எங்கும் மழை. பங்குனியில் பண்ணாரி குண்டம், ஈரோட்டு மாரியம்மன், அதையொட்டி ஊர் ஊருக்கு நோம்பி. உள்ளூர் ஆட்கள் வர மாட்டார்கள், வரச் சொல்லவும் கூடாது. பீகார், ஒடிசா தம்பிகள் ஹோலிக்கும் தீபாவளி, சத் பூஜைக்கும் ஊருக்குப் போனால் திரும்ப ஒரு மாதம். தீபாவளி போனஸுக்கு ஆனியிலிருந்தே வாரா வாரம் ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள்.

கடனைப் பற்றி ஒரு கணக்கு. ஹார்டுவேர் கடையில் ரொக்கத்துக்கு மூட்டை 340, ஒரு மாதக் கடனுக்கு 350 என்றால், அந்தப் பத்து ரூபாய் மாதத்துக்கு ஏறக்குறைய 3 சதவீதம், வருஷத்துக்கு 35. வங்கி ஓவர் டிராஃப்ட் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்ளும் கடன்) வட்டி அதில் பாதிகூட வராது. "ரெண்டு ரூபாய் வட்டி" என்று கேட்கச் சின்னதாக இருக்கும். வருஷத்துக்கு 24 சதவீதம். மூன்று லட்சம் வாங்கி நான்கு மாதம் வைத்திருந்தால் 24,000. தேவை வருவதற்கு முன்பே, கணக்கு நன்றாக ஓடும் நேரத்தில், வங்கியில் ஓவர் டிராஃப்டுக்குப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், இணையத்திலேயே செய்யலாம், கடன் கேட்கும்போது உதவும். மிக்சர், சென்ட்ரிங் தகடு வாங்க, சிறு தொழிலுக்கான அரசுத் திட்டமான முத்ரா கடனைக் கேளுங்கள். மாதத்தில் பாதி நாளாவது வேலை கொடுக்கிற சாமானை மட்டும் வாங்குங்கள், மற்றதெல்லாம் வாடகைக்கு.

வரி

ஆடிட்டர் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் கீழ்க்கண்டவை உங்களுக்கே தெரிந்திருக்க வேண்டும்.

வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு. பொருளோடு வீடு கட்டிக் கொடுத்தால் வரி 18 சதவீதம். தனி வீட்டுக்குக் கூலி மட்டும் காண்ட்ராக்ட் என்றால் வரிவிலக்கு உண்டு. வீட்டுக்காரர் கட்டும் ஜிஎஸ்டியை அவரால் திரும்ப எடுக்க முடியாது, அவருக்கு அது முழுச் செலவு. எனவே "ஜிஎஸ்டி தனி" என்று கொட்டேஷனிலேயே பெரிய எழுத்தில் போடுங்கள். சிமெண்டுக்கு 28 சதவீதமாக இருந்த வரி 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகிவிட்டது. பழைய எஸ்டிமேட்டைப் பார்த்து ரேட் போடுகிறவர்கள் திருத்திக்கொள்ள வேண்டும்.

முக்கியமான ஒன்று. கட்டுமானம் வரிச் சட்டத்தில் சேவைக் கணக்கில் வருகிறது. சேவைக்கு அட்வான்ஸ் வாங்கிய உடனேயே ஜிஎஸ்டி கட்ட வேண்டும். வரி உட்பட ஐந்து லட்சம் அட்வான்ஸ் வாங்கினால் அதில் 76,271 ரூபாய் அரசாங்கத்துடையது. அதைத் தனியாக எடுத்து வைக்காமல் கம்பி வாங்கிவிட்டு, மறுமாதம் 20-ஆம் தேதி தடுமாறுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். பணம் வந்த அன்றே வரியை வேறு கணக்குக்கு மாற்றிவிடுங்கள்.

கம்பெனிகளுக்கு வேலை செய்தால், ஒரு பில் 30,000-க்கு மேலோ வருஷத்தில் மொத்தம் ஒரு லட்சத்துக்கு மேலோ போனால் டிடிஎஸ் (பணம் தரும்போதே கழிக்கும் வருமான வரி) பிடிப்பார்கள்; தனிநபர் என்றால் 1 சதவீதம், பார்ட்னர்ஷிப், கம்பெனி என்றால் 2. பிடித்தது உங்கள் பான் எண்ணில் ஏறியிருக்கிறதா என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை பாருங்கள். ஒரே வேலைக்கு ஒருவரிடம் இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்காதீர்கள். வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் உண்டு. சிறு தொழிலுக்கான உத்தேச வருமான முறையில் ரொக்க வரவில் 8 சதவீதமும் வங்கி வழி வரவில் 6 சதவீதமும் லாபமாகக் காட்டலாம். இதற்கு வருஷ வரவு இரண்டு கோடிக்குள், ரொக்கம் 5 சதவீதத்துக்குள் இருந்தால் மூன்று கோடிக்குள் இருக்க வேண்டும்.

ஆட்கள்

சாரத்திலிருந்து ஒருவர் விழுந்தால் ஒரு குடும்பம் நிலைகுலைந்து போகும். தொழிலாளர் இழப்பீட்டுக் காப்பீட்டை ஒவ்வொரு வேலைக்கும் எடுத்து, பிரீமியத்தை எஸ்டிமேட்டில் சேருங்கள். வருஷத்துக்கு 20 ரூபாயில் இரண்டு லட்சத்துக்கு விபத்துக் காப்பீடு தரும் பிரதமர் சுரக்ஷா திட்டத்தில் ஒவ்வொருவரையும் அவர்கள் வங்கிக் கணக்கு வழியாகச் சேர்த்துவிடுங்கள். தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் 18 முதல் 60 வயது வரை பதியலாம். பிள்ளைகள் படிப்பு, திருமணம், பிரசவம் எல்லாவற்றுக்கும் உதவி கிடைக்கிறது. எங்கள் ஆட்களில் பாதிப் பேருக்கு இது தெரியாமலே இருந்தது. ஒரு மழை நாளில் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பதிந்தோம்.

ஷெட், மில், கோழிப்பண்ணை

பல்லடத்தில் கோழி ஷெட், சோமனூரில் தறிக் கொட்டகை, காங்கயத்தில் எண்ணெய் மில், கோவையில் பவுண்டரி ஷெட் என்று நம் பக்கம் வேலைக்குப் பஞ்சமில்லை. வீட்டைவிட வேகமாக முடியும், தொகையும் பெரியது. ஆனால் பணம் வருவது அவர்களுடைய வியாபாரத்தைப் பொறுத்தது. வாய் வார்த்தையில் தொடங்காமல் ஆர்டர் கடிதம் வாங்குங்கள். பதினைந்து நாளுக்கு ஒரு பில், அளவை அவர்கள் ஆளும் நீங்களும் சேர்ந்து எடுத்து, இரண்டு பேரும் கையெழுத்து. ஒரு பில் நிலுவையில் இருக்கும்போது அடுத்த கட்டத்துக்குப் பொருள் இறக்காதீர்கள். மொத்த வேலையில் பாதிக்கு மேல் ஒரே கம்பெனியாக இருந்தால் அந்தக் கம்பெனி தும்மினால் உங்களுக்குக் காய்ச்சல் வரும்; எனக்கு 2007-ல் வந்தது அதுதான்.

சாவி கொடுத்த பிறகு

சாவி கொடுத்த மறுவாரம் நோட்டை மூடும் வேலை. ஒரே தாளில் எஸ்டிமேட் ஒரு பக்கம், ஆன செலவு மறுபக்கம், ஐந்து கட்டத்துக்கும். கொத்து வேலைக்கு எத்தனை ஆள் நாள் என்று நினைத்தோம், எத்தனை ஆனது. கம்பி எத்தனை கிலோ, சிமெண்ட் எத்தனை மூட்டை, வீணானது எவ்வளவு. வர வேண்டிய பாக்கியும், எந்தத் தேதி என்பதும். எல்லாப் பாக்கியும் வந்து, கடைக்காரர், துணைக் காண்ட்ராக்ட் எல்லாருக்கும் கொடுத்து முடித்தபின் மிஞ்சுவதை எழுதி, அதை மட்டும் சைட் கணக்கிலிருந்து எடுத்து லாபக் கணக்கில் போடுவேன். அதில் மூன்றில் ஒரு பங்கு ஆடிக்கும் மழைக்கும் என்று அப்படியே நிற்கும்.

அந்த ஒற்றைத் தாளை மட்டும் கிழித்து ஒரு ஃபைலில் வைத்திருக்கிறேன். இதுவரை நாற்பத்திரண்டு தாள் சேர்ந்திருக்கிறது. புதிதாக யாராவது பிளானோடு வந்தால், அதே அளவு வீட்டுத் தாளை முதலில் எடுத்து மேஜையில் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பிப்பேன்.